மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ ஒரே டிவிடியில் அடங்குமா?

அடுத்த கேள்வி. கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடுகிறது, ஒரே டிவிடியில் எழுதித் தாத்தா வீட்டு பிளேயரில் போட்டுக் காட்ட வேண்டும். பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் கிலோபிட், 8000 வைத்தால் டிஸ்க் கொள்ளவில்லை, 2000 வைத்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, எவ்வளவுதான் வைப்பது என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று. உங்களிடம் இருக்கும் எம்பி4 ஃபைல் எத்தனை ஜிபி என்பதை மறந்துவிடுங்கள். டிவிடி பிளேயருக்காக அது எப்படியும் எம்பெக்-2 என்ற டிவிடி வீடியோ வடிவத்துக்கு மாறப்போகிறது. வீடியோ எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

சாதாரண ஒற்றை லேயர் டிஸ்க்குக்கு 600-ஐ மொத்த நிமிடத்தால் வகுங்கள். 180 நிமிடம் என்றால் 3.3 வரும். அதுதான் நொடிக்கு மெகாபிட் கணக்கில் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்துக் கிடைப்பது. ஒலியை ஏசி3 என்ற சுருக்கிய வடிவில் 192 என்று வைத்தால் படத்துக்குச் சுமார் 3.1, அதாவது 3100. நீங்கள் 2000 வைத்தபோது டிஸ்க்கில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடந்திருக்கும். ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவில் விட்டுவிடாதீர்கள். அது மட்டுமே 1.5 மெகாபிட் தின்றுவிடும், படத்துக்குப் பாதிதான் மிஞ்சும்.

சரி, 3100 போதுமா? மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் நிற்க, ஒவ்வொருவராக வந்து பரிசு கொடுக்கும் காட்சிக்குத் தாராளம். தாலி கட்டும் நேரம்தான் சிக்கல். நாலாபக்கமும் அட்சதை பறக்கும், ஃபிளாஷ் அடிக்கும், ஹோமப் புகை சுழலும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் எதுவுமே ஒட்டாது. அங்கேதான் பிட் அதிகம் வேண்டும். அதனால் எல்லாக் காட்சிக்கும் ஒரே பிட்ரேட் தரும் சிபிஆர் வேண்டாம். காட்சிக்கேற்ப பிட்ரேட்டை மாற்றும் விபிஆர், அதிலும் இரண்டு சுற்று ஓடும் டூ பாஸ் தேர்ந்தெடுத்து, சராசரி 3100, உச்சம் 8000 என்று கொடுங்கள். மென்பொருள் முதல் சுற்றில் எந்தக் காட்சி கடினம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் மேடைக் காட்சியில் மிச்சம் பிடித்து முகூர்த்தத்துக்குக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும். டிவிடியில் படத்துக்கு 9.8 மெகாபிட் வரை அனுமதி உண்டு. ஆனால் வீட்டில் எழுதிய டிஸ்க்கில் அவ்வளவு போனால் பழைய பிளேயர்கள் சில திக்கும், 8 போதும்.

ஆனால் என்னைக் கேட்டால், இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று. ஆளுக்கு 90 நிமிடம் என்றால் படத்துக்கே 6400 கிடைக்கும். கல்யாணம் ஒருமுறைதான் நடக்கிறது, இன்னொரு டிஸ்க் விலைக்காக அதைக் கெடுக்க வேண்டாம்.

அப்புறம், முழுவதையும் ஓடவிடுவதற்கு முன் அந்த அட்சதைக் காட்சியை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டி, அதே 3100-ஐ உச்சமாகவும் வைத்து மாற்றி, கம்ப்யூட்டரில் இல்லாமல் டிவியில் போட்டுப் பாருங்கள். அதுவே தேறிவிட்டால் ஒரே டிஸ்க்கில் தைரியமாக எழுதலாம்.