நீல நிறத்துக்குள் எத்தனை பொருள்

வணக்கம். ஐரோப்பாவின் ஈரமான புல்வெளிகளில் கோடையில் பூக்கும் காட்டுச் செடி ஒன்று. மெடோஸ்வீட் என்பார்கள். பால் நுரை பொங்கியது போல வெளிர்மஞ்சளாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் கைவைத்தியமாக நெடுங்காலம் பயன்பட்ட பூ. 1830களில் இதை வடித்துத்தான் சாலிசிலால்டிகைடு என்ற மணமுள்ள ஃபீனாலைப் பிரித்தார்கள். கார்பன் வளையத்தோடு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை ஒட்டியிருக்கும் சேர்மங்களைத்தான் ஃபீனால் என்கிறோம். 1899இல் ஆஸ்பிரினுக்குப் பெயர் வைத்தபோது நடுவில் வந்து உட்கார்ந்த ‘ஸ்பிர்’, இந்தச் செடியின் பழைய தாவரவியல் பெயரான ஸ்பைரியாவிலிருந்து எடுத்தது.

சரி, ஒரு பூவில் ஃபீனால் சேர்மங்கள் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உலர்ந்த பூவைப் பொடித்து, தண்ணீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவோம். அந்தச் சாற்றில் ஒரு துளி எடுத்து, ஃபீனால் பட்டால் நீலமாகும் ஃபோலின்-சியோகால்ட்டு கரைசலைச் சேர்ப்போம். அப்புறம் சோடியம் கார்பனேட். வெளிர்மஞ்சளாக இருந்த குழாய் மெல்லப் பச்சை தட்டி, நீலமாகி, கடைசியில் மைக்கூடு போல ஆகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அந்த நீலத்தின் அடர்த்தியை 765 நானோமீட்டர் ஒளியில் அளந்து, ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் காலிக் அமிலம் என்ற ஃபீனாலில் இத்தனை மில்லிகிராமுக்குச் சமம் என்று எழுதுவோம்.

ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி ஒரு பூவை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. வைட்டமின் சி இருந்தாலும் அதே நீலம்தான் வரும். சில சர்க்கரைகளும் கொஞ்சம் நீலம் காட்டும். எந்த ஃபீனால் என்பதை நிறம் சொல்லாது. அதற்கு எச்.பி.எல்.சி. வேண்டும்; கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. சாற்றை அழுத்தத்தோடு ஒரு மெல்லிய குழாய்க்குள் செலுத்தினால், உள்ளே அடைத்திருக்கும் துகள்களோடு ஒட்டும் பொருள் பின்தங்கும், ஒட்டாதது முந்தும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது திரையில் ஒரு முகடு எழும். ஸ்பைரியோசைடு, ரூட்டின், டானின்கள் என்று இந்தப் பூவின் ஃபீனால்கள் எல்லாம் தனித்தனியாக நிற்கும்.

ஒருமுறை என் மாணவி பறித்த பூவை பிளாஸ்டிக் பையில் கட்டி, இரண்டு நாள் கழித்துத்தான் உலர்த்தினாள். பூ பழுப்பேறிவிட்டது. கசங்கிய திசுவில் நொதிகள் ஃபீனால்களை ஆக்சிஜனோடு சேர்த்துவிடும். வெட்டிய ஆப்பிள் கறுப்பதும் இதனால்தான். குழாயில் நீலம் என்னவோ வந்தது. திரையிலோ கூர்மையான டானின் முகடுகள் சரிந்து, அந்த இடத்தில் பிரிக்கவே முடியாத ஒரு மேடு பரவிக் கிடந்தது. அவள் முகம் வாடிப்போனது. அவ்வளவு வேலையும் அந்தப் பையிலேயே வீணாகியிருந்தது.

அதிக சூடும் ஆகாது; சாலிசிலால்டிகைடு எளிதில் ஆவியாகிப் பறந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்த வேண்டும்.

அதனால் பூ வந்து இறங்கியதும் எங்கள் முதல் கேள்விகள்: எப்போது பறித்தது? எங்கே, எப்படி உலர்த்தியது? பதிலைச் சீட்டில் எழுதிப் புட்டிமேல் ஒட்டிய பிறகுதான் தராசுப் பக்கமே போவோம்.