வச்சுக்கலாமா, தள்ளிடலாமா?

நேயர்களுக்கு வணக்கம். போடிநாயக்கனூரில் ஜீப் பட்டறை நடத்துகிறவன் நான். மலைத்தோட்டங்களில் ஓடும் பழைய வண்டிகளை என்ன செய்வது என்பது பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

எங்கள் பட்டறைக்கு வரும் ஏலத்தோட்டக்காரர்கள், காப்பித் தோட்டக்காரர்கள், வாடகை ஜீப் ஓட்டுகிற தம்பிகள் எல்லாரும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் இதைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, இந்த ஜீப்பை வச்சுக்கலாமா, தள்ளிடலாமா?" பெரும்பாலும் கியர் பாக்ஸை இறக்கி வைத்து, ஆகப்போகிற செலவைச் சொன்ன மறுநிமிடம் இந்தக் கேள்வி வரும். செலவைக் கேட்ட சூட்டில் வண்டியைத் தள்ளிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே மாதிரி ஜீப்பை இன்னொருத்தரிடம் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் முதலில் சொல்கிறேன்: பட்டறை பில் கையில் இருக்கும் நாளில் முடிவெடுக்காதீர்கள்.

வண்டியின் வயதையும் பெரிதாக எண்ணாதீர்கள். நான் பார்ப்பது இரண்டைத்தான். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸ் எப்படி இருக்கிறது? அந்த வண்டியில் யார் ஏறுகிறார்கள்? இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

எங்கள் பக்கத்து வழிகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அது தார்ச் சாலை, எந்த வண்டியும் போகும். மெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரிந்து தோட்டத்துக்குள் இறங்கினால்தான் சோதனை. உருண்டைக் கல், வழுக்கும் செம்மண், மழையில் ஓடையாகிவிடும் பாதை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த இடங்களில் இன்றைக்கும் எம்.எம்.540, எம்.எம்.550, கமாண்டர், மேஜர் என்று மஹிந்திராவின் பழைய வண்டிகள் ஓடுகின்றன. இரண்டாம் உலகப்போர் காலத்து வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள் அவை.

அவை இவ்வளவு காலம் ஓடுவதற்குக் காரணம் எளிமை. எம்.எம்.540-ல் வந்த பியூஜோ டீசல் என்ஜின் 2112 சிசி. டீசல் பம்பும் நாசிலும் சரியாக இருந்தால் அது பாட்டுக்கு ஓடும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. பேட்டரி இறங்கிப்போனாலும் இறக்கத்தில் உருட்டி இரண்டாவது கியரில் விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங்தான். ஒரு பட்டை உடைந்தால் காட்டுக்குள்ளேயே கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். கிடைக்காத சாமானை லேத் பட்டறையில் கடைந்து போட்டுக்கொள்ளலாம். கிளட்ச் பிளேட், கிராஸ், டை ராட் எண்ட், கிங் பின் பேரிங், வீல் சிலிண்டர் எல்லாம் தேய்கிற சாமான்கள், மாற்றுவதற்கென்றே இருக்கின்றன. என்ஜினுக்குக்கூட ஸ்லீவ் போட்டுப் புதிதாக்கிவிடலாம். இவற்றுக்குச் செலவாகிறதே என்று ஒரு நல்ல ஜீப்பை விற்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் சேஸ் போனால் வண்டி போனது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

எப்படிப் பார்ப்பது என்றால், முதலில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் காயவிடுங்கள். சேறு அப்பியிருக்கும் வண்டியில் எதுவும் தெரியாது. பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், துரு தின்ற இடம் சொத்தென்று கேட்கும். பின்பட்டை மாட்டியிருக்கும் ஷேக்கிள் பக்கம், பாடி உட்காரும் மவுண்டுகள், பின்பக்கக் குறுக்குச் சட்டம், இவை சேறு தங்கும் இடங்கள். துரு அங்கேதான் தொடங்கும். ஸ்டியரிங் பாக்ஸை போல்ட் போட்டிருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கற்பாதையில் ஓடும் வண்டிக்கு அந்த இடத்தில் ஓயாமல் அடி விழும். அங்கே விரிசலோடு ஒரு ஜீப்பை மலையிலிருந்து இறக்குவது உயிரோடு விளையாடுவது.

ஓரிடத்தில் துரு இருந்தால் வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து, நல்ல வெல்டரிடம் கொடுத்துச் சரிசெய்யலாம். தகடுக்கு மேல் தகடு, அதற்கும் மேல் இன்னொரு தகடு என்று முன்பே ஒட்டுப் போட்டிருந்தால், அந்தச் சேஸின் காலம் முடிந்துவிட்டது. இன்னொன்றும் பாருங்கள். சேஸில் அடித்திருக்கும் நம்பர் தெளிவாகப் படிக்க வருகிறதா? துரு அதைத் தின்றுவிட்டால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும் இடத்தில் பெரிய சங்கடம்.

எஃப்.சி. என்றதும் தாள் விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. இதோடு நம் மாநிலத்தின் பசுமை வரி. டில்லியில் 10 வருஷ டீசல் வண்டிக்குத் தடை என்று செய்தியைக் கேட்டுப் பதறி வருகிறவர்கள் உண்டு. அது தலைநகர் வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு. தமிழ்நாட்டில் தகுதிச் சோதனையில் தேறிய பழைய வண்டியை ஓட்டலாம்.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஆர்.சி.யில் ஒரு என்ஜின் நம்பர், வண்டிக்குள் வேறு என்ஜின். பியூஜோ என்ஜினைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டியிருப்பார்கள், பதிவில் ஏற்றியிருக்க மாட்டார்கள். வண்டியின் அடிப்படை அமைப்பைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஓட்டையைத்தான்.

இனி, யார் ஏறுகிறார்கள் என்ற கேள்வி. நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

தோட்டத்துக்குள் உரமூட்டை ஏற்ற, ஏலக்காய் மூட்டை இறக்க, மோட்டாரும் பைப்பும் கொண்டுபோக, ஓட்டுகிறவர் ஒருவரும் துணைக்கு ஒருவரும் மட்டும் போகிற ஜீப்பா? சேஸ் நன்றாக இருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டியைவிட அந்த வேலைக்கு அதுவே பொருத்தம். காரணம் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நல்ல சூடு வேண்டும், வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நாள் முழுக்க லோ கியரில் தோட்டத்துக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருந்தால் கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்காது. காட்டுக்குள் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அதை ஒன்றும் செய்ய முடியாது. புது டீசல் வண்டி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் அடிக்கடி அதைக் கீழே இறக்கித் தேனி ரோட்டில் நிதானமான வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

அதே ஜீப்பில் ஆட்கள் ஏறுகிறார்கள் என்றால் என் பதில் மாறிவிடுகிறது.

விடியுமுன்னே எங்கள் ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் இருப்பது எதிரெதிர் பெஞ்சு. பெல்ட் கிடையாது. மேலே தார்ப்பாய். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மிதிக்க மிதிக்கப் பிடிமானம் குறையும். ஜீப் கவிழ்ந்தது, பள்ளத்தில் விழுந்தது என்ற செய்தி எங்கள் பக்கம் புதிதல்ல. அப்படி வந்து சேர்ந்த வண்டிகளைப் பிரித்துப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரேக்கைச் சரிசெய்ய என்னால் முடியும், ஸ்டியரிங்கைச் சரிசெய்ய முடியும். கவிழும்போது உள்ளே இருப்பவரைப் பிடித்து வைக்கும் அமைப்பை எந்தப் பட்டறையும் பழைய ஜீப்பில் பொருத்த முடியாது. கம்பியை வளைத்து வெல்டு வைத்தால் அது கூண்டாகிவிடாது. தகடு பாடியில் பெல்ட்டை முடுக்கினால் இழுப்புத் தாங்காது.

தினமும் ஆட்களை ஏற்றும் முதலாளிமார்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். தார் ரோடு முடியும் இடம் வரை இருக்கைக் கணக்குப்படி வேன் வையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து வைத்தால் செலவும் பாதியாகும். அதற்கு மேல் போகிற கொஞ்ச தூரத்துக்கு மட்டும் ஜீப், அதுவும் மெதுவாக, ஆள் குறைத்து, இரண்டு நடையாக. நேரம் கூடுதலாகும். ஆகட்டும்.

குடும்பத்தோடு மலைக்குப் போய் வருகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்குகிறவர்கள், நீங்கள் புது வண்டிக்கு மாறலாம். ஆனால் நடுவாந்திர வண்டி வாங்கினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். 2010-ல் வந்த மஹிந்திராவின் முதல் 'தார்' ஜீப், காமன் ரயில் டீசல் என்ஜின் போட்டது, 105 குதிரைத்திறன், ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். எனக்குப் பிடித்த வண்டி அது. ஆனால் அதில் ஏர் பேக் கிடையாது. பழைய எம்.எம்.540-ஐ விற்றுவிட்டு அதை வாங்கினால் சக்தி கிடைக்கும், சுகம் கொஞ்சம் கிடைக்கும், மோதும்போது கிடைக்கும் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இராது. அந்த வித்தியாசம் 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தாரில்தான் தொடங்குகிறது. முன்பக்கம் இரண்டு ஏர் பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடிக்கும் ஏ.பி.எஸ். பிரேக், முன்னோக்கிய இருக்கைகள். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம், லோ கியரும் உண்டு. 4 பேர்தான் உட்கார முடியும். 5 பேர் என்றால் தார் ராக்ஸ் இருக்கிறது, நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம். அதில் நாலு சக்கர இழுவை டீசலில் மட்டும்தான். 7 பேர் என்றால் 2024-ல் வந்த, ஃபோர்ஸ் கம்பெனியின் ஐந்து கதவு கூர்க்கா. மாருதி ஜிப்சி வைத்திருந்து பழகியவர்களுக்கு அதே கம்பெனியின் ஜிம்னி கைக்குப் பிடிபடும், பெட்ரோல் வண்டி, கரி அடைக்கும் தொல்லை இல்லை, 6 ஏர் பேக் உண்டு. ஜிப்சியையே தொடர்ந்து வைத்திருப்பவர்கள் பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். டீசல் ஜீப்புக்கு அந்தக் கவலை இல்லை.

விலை சுமைதான். நாலு சக்கர இழுவையோடு வாங்கினால் 10 லட்சத்தைத் தாண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம். நம்மில் பலருக்கு ஒரு வருஷ ஏலக்காய் வருமானம் அதில் போய்விடும். அதனால்தான் யார் ஏறுகிறார்கள் என்று கேட்கிறேன். மூட்டைக்காக அந்தக் கடனை வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக என்றால் வாங்கலாம். கொஞ்சம் இடமும் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பழையது தோட்டத்துக்கு, புதியது ஆட்களுக்கு. எங்கள் பக்கம் பலர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

விற்றுவிடுவதென்று முடிவாகிவிட்டால், சேஸ் போன வண்டியை நல்ல வண்டி என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக்கொண்டு பதிவை ரத்து செய்யுங்கள். நல்ல நிலையில் இருப்பதை விற்றால் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், பெயர் மாறும் வரை பின்னாலேயே இருங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீங்கள் விற்று மறந்த ஜீப் எங்கேயாவது யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் புது உரிமையாளர் பதிவாகிவிட்டதா என்று பார்த்து, அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.