மூன்றாம் ராம்சேஸின் சுவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எகிப்தில் லக்சார் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது மெதினத் ஹாபு கோயில். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் ராம்சேஸ், தான் இறந்த பிறகும் தனக்கு வழிபாடு நடக்க வேண்டும் என்று கட்டியது. கோயில் என்கிறேனே தவிர, வாசலைப் பார்த்தால் கோட்டைதான்: சிரியா பக்கத்துக் காவல் கோபுரம் போன்ற நுழைவாயில், சுற்றிலும் சுடாத செங்கல் மதில். உள்ளே பைலன் எனும் இரட்டை முகப்புக் கோபுரம், இரண்டு முற்றங்கள், இடிந்துபோன தூண் மண்டபங்கள், கடைசியில் கருவறை.

இங்கே எழுத்துகளை வெட்டியிருக்கும் ஆழம் அபாரம். சில இடங்களில் கையையே உள்ளே விடலாம். முந்தைய ராஜாவின் பேரைச் சுரண்டிவிட்டுத் தன் பேரைப் பொறித்துக்கொள்வது அங்கே நடந்ததுதான். இரண்டாம் ராம்சேஸ் அதில் கைதேர்ந்தவர். தனக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று மூன்றாம் ராம்சேஸ் இப்படி ஆழமாக வெட்டி முந்திக்கொண்டார் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

வடக்கு வெளிச்சுவரில் கடற்போர். ஆட்சியின் 8-ஆம் ஆண்டில், ஆய்வாளர்கள் 'கடல் மக்கள்' என்று அழைக்கும், எகிப்தின் மேல் படையெடுத்து வந்த பல இனக் கூட்டத்தோடு நடந்தது. எகிப்தியக் கப்பல் முகப்பில் சிங்கத் தலை; எதிரிக் கப்பலின் இரு முனையிலும் பறவைத் தலை. ஒரு கப்பல் கவிழ்ந்து கிடக்கிறது. கரையில் ராஜா, மற்ற எவரையும்விடப் பல மடங்கு பெரிதாக, வில்லை இழுத்தபடி. ஒரு வேடிக்கை: கொம்புத் தலைக்கவசக்காரர்கள் இங்கே எதிரணியில் இருக்கிறார்கள், பக்கத்தில் உள்ள தரைப்போர்ச் சிற்பத்தில் அதே ஆட்கள் எகிப்துப் படையில் நிற்கிறார்கள். கூலிப்படை!

நான் அதிகம் யோசித்தது தெற்குச் சுவரைப் பற்றி. எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு ரொட்டி, பீர், மாடு, வாத்து என்று நீளமான படித்தரப் பட்டியல். அதே ராஜாவின் 29-ஆம் ஆண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களுக்குக் கூலித் தானியம் வந்து சேரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு, அதே மேற்குக் கரையின் கோயில்களுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன; துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை; ராஜாவுக்கு எழுதுங்கள் என்றார்கள். நமக்குத் தெரிந்த முதல் வேலைநிறுத்தம் இதுதான். சுவரில் இதைத் தேடிப் பயனில்லை. அப்போது எழுதிய பாப்பிரஸ், அதாவது நாணல் தாள் ஆவணம், இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாக்கியை அளந்து கொடுத்தார்கள். பிறகும் தானியம் தாமதமானது. அவர்களும் மறுபடி வேலையை நிறுத்தினார்கள்.

நன்றி, வணக்கம்.