பிளஸ் ஒன் சைக்கிள் ஏன் சும்மா நிற்கிறது?

வணக்கம் மக்களே! இன்றைய வீடியோ பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. அப்பா அம்மா வீட்டில் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். திட்டு அவர்களுக்கும் உண்டு.

இதோ நிற்கிறதே, அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் இது. பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் என்று ஆனது. அதற்கும் முன்னால், 90களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கணவனையோ அண்ணனையோ எதிர்பார்க்காமல் சந்தைக்குப் போய் வந்தார்கள். இன்றைக்கோ நிறைய வீடுகளில் சைக்கிள் மேல் துணி காய்கிறது. பையன் கையில் ஸ்கூட்டி சாவி.

பெற்றோரே, 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. 'பக்கத்துத் தெருதானே' என்றெல்லாம் சட்டம் கேட்காது.

சரி, சைக்கிளை வெளியே எடுப்போம். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வண்டியை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருள்கிறதா? கட்டை தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கம்பி தளர்ந்திருக்கும். செயினை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள், அரை இஞ்சுக்கு மேல் ஆடினால் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். மாலை டியூஷன் முடிந்து வரும்போது லாரிக்காரர் கண்ணில் படுவது அதுதான். தங்கைகளே, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துவிட்டு ஏறுங்கள். காற்றில் பறந்தால் நேராகச் சக்கரத்துக்குத்தான் போகும்.

நின்றிருக்கும் பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையவே நுழையாதீர்கள். ஆள் இறங்குவார், இல்லையென்றால் பஸ் ஓரம் கட்டும். மூன்று பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே போவது எனக்கும் பிடிக்கும்தான். அதை உள் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வயதுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்குச் சைக்கிளில் போய் வந்தாலே அதில் ஒரு பகுதி வந்துவிடும், தனியாக ஜிம் தேடவேண்டாம்.

அப்பா, அம்மா, உங்களுக்கு ஒரு வேலை. பள்ளி நேரத்திலேயே ஒருமுறை பிள்ளையோடு கூடவே சைக்கிளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் ரோடு காலியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. எந்தத் திருப்பத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்பதை அங்கேயே நின்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.