கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கு: வணிகர் ராபர்ட் கேம்பல்

நேயர்களுக்கு வணக்கம். 1797 பிப்ரவரியில், கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கு மதுவும் அரிசியும் தேயிலையும் ஏற்றிச் சென்ற ‘சிட்னி கோவ்’ என்னும் கப்பல், டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே ஒரு சிறு தீவில் தரைதட்டியது. உதவி தேடிப் படகில் புறப்பட்ட 17 பேர், அப்படகும் உடைந்துபோகவே, கடற்கரையோரமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள், மூவரே பிழைத்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் வங்கத்து லஸ்கர் மாலுமிகள் என்பதை ஆஸ்திரேலிய வணிக வரலாற்றைப் பேசுவோர் மறக்கலாகாது.

கப்பலை அனுப்பிய கல்கத்தா நிறுவனத்தின் பங்காளிகளுள் ஒருவர், ஸ்காட்லாந்தில் 1769இல் பிறந்த ராபர்ட் கேம்பல். இவ்வளவு இழப்புக்குப் பிறகும் 1798இல் அவரே சரக்குடன் சிட்னிக்கு வந்தார். பின்னர் அங்கேயே குடியேறித் துறைமுகத்தில் தமக்கெனப் படகுத்துறையும் பண்டகசாலையும் கட்டினார். வந்திறங்கும் பொருள்களை இராணுவ அதிகாரிகள் மொத்தமாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்றுவந்த அக்காலத்தில், ஏழைக் குடியானவர்களுக்கு நியாய விலையில், கடனுக்கும் சரக்குக் கொடுத்தவர் இவர். அவருடைய வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

அப்பகுதியின் கடல்வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த ஏகபோகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1805இல் கடல்நாய்த் தோலும் எண்ணெயும் ஏற்றிய ‘லேடி பார்லோ’ கப்பலில் நேரே லண்டனுக்குப் போனார். சரக்கு அங்கே கைப்பற்றப்பட்டது. ஆயினும் குடியேற்ற நாட்டுக்கும் வணிக உரிமை வேண்டும் என்ற வழக்கு லண்டனில் எழுந்துவிட்டது.

1808இல் படையினர் சிட்னியை உள்ளடக்கிய நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிளையைக் கவிழ்த்தபோது கேம்பல் ஆளுநரின் பக்கம் நின்றார். அதனால் கேம்பலின் அரசுப் பதவி பறிபோனது. கலகத்தலைவர் ஜான்ஸ்டனின் விசாரணையில் சாட்சி சொல்ல லண்டன் சென்று, வணிகம் நொடித்த நிலையில் 1815இல் திரும்பினார். 1819இல் எளியவர்களுக்கென ஒரு சேமிப்பு வங்கியை நடத்தத் தொடங்கினார். பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் அதில் பணம் போட்டார்கள். 1825 முதல் 1843 வரை சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார்.

1806இல், தானியம் கொண்டுவர அரசு அமர்த்திய அவருடைய ‘சிட்னி’ என்ற கப்பல் மூழ்கியது. அதற்கு ஈடாக, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 4,000 ஏக்கர் நிலமும் 710 ஆடுகளும் கிடைத்தன. ஆட்டுமந்தையை ஜேம்ஸ் எயின்ஸ்லி என்பவர் சுண்ணாம்புக்கல் சமவெளிக்கு ஓட்டிச் சென்றார். அது நன்னவால் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே எழுந்த டன்ட்ரூன் பண்ணைவீட்டில் 1846இல் கேம்பல் காலமானார். 1911இல் அவ்வீடு இராணுவக் கல்லூரியாயிற்று. அச்சமவெளியில்தான் இன்று கான்பெரா நகரம் இருக்கிறது.