ஒரு புள்ளி துருத்துனா பெட்ஷீட்ல 270 இடத்துல துருத்தும்!

(திரையில்: அரக்கு கலர் பெட்ஷீட், வெள்ளைப் புள்ளி. கேமரா மெல்ல மேலே போகிறது.)

இந்தத் துணியை நல்லா பாருங்க. மதுரைச் சேலையில வர்ற சுங்குடிப் புள்ளி டிசைன். கம்ப்யூட்டர்ல பாக்குறப்ப ஒரு குறையும் தெரியலை. அச்சாகி வந்து கட்டில்ல விரிச்சதும் மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியா ஓடுது. டிசைன்ல யாரும் கோடு போடலை. அப்ப இது எங்க இருந்து வந்துச்சு? அதுக்குத்தான் இந்த வீடியோ.

முதல்ல கணக்கைச் சட்டுனு முடிச்சிருவோம். டபுள் பெட்ஷீட் 90-க்கு 108 இன்ச். துணி அச்சுக்கு இன்ச்சுக்கு 150 பிக்சல் இருந்தா போதும். ஆக 13,500-க்கு 16,200 பிக்சல். 12 மெகாபிக்சல் போன் போட்டோ 4000-க்கு 3000 தான். அதை 108 இன்ச்சுக்கு இழுத்தா இன்ச்சுக்கு 37 பிக்சல்தான் தேறும், மங்கிப் போகும். சாஃப்ட்வேர்ல டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்கிற கட்டத்துல 150-னு அடிச்சுட்டா மட்டும் படம் கூர்மையாகாது. உள்ள இருக்குறது அதே 4000 பிக்சல்தான்.

அதனால ஒரு சின்ன சதுரத்தைச் சுத்தமா செஞ்சு, அதையே துணி முழுக்க அடுக்குறோம். இதுக்குப் பேரு டைல். அளவு 6 இன்ச், அதாவது 900 பிக்சல். "15 சென்டிமீட்டர்னு வச்சுக்கலாமே"ன்னு தோணும். வேண்டாம்! அது 885.83 பிக்சல். முக்கால் பிக்சல், அரை பிக்சல்னு ஒண்ணு கிடையாது. சாஃப்ட்வேர் ஓரத்தை இழுத்து நிரப்பும், ஒவ்வொரு டைல் விளிம்புலயும் மயிரிழைக் கோடு விழும். 6 இன்ச்னா அகலத்துக்கு 15, நீளத்துக்கு 18, கச்சிதமா 270 டைல்.

இப்ப புள்ளிக்கு வருவோம். நிஜமான சுங்குடியில துணியைக் கிள்ளி, நூலால இறுக்கி முடிஞ்சு, சாயத்துல முக்கி, அப்புறம் முடிச்சைப் பிரிக்கிறாங்க. அதனால ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒண்ணு லேசா நீளம், ஒண்ணுக்கு விளிம்பு பிசிறு. சேலை முழுக்க ஆயிரக்கணக்குல, எல்லாமே தனித்தனி. அதனால எந்த ஒரு புள்ளியும் கண்ணை இழுக்காது. மதுரை விளக்குத்தூண் பக்கம் போனா ஒரு சேலையைப் பிரிக்கச் சொல்லி கிட்ட வச்சுப் பாருங்க, அவ்வளவு அழகு!

நம்ம டைல்ல இருக்குறது ஒரு அறுபது புள்ளி. அதுல ஒண்ணு பெருசா துருத்திட்டிருந்தா, அது 6 இன்ச்சுக்கு ஒரு தடவை, 270 இடத்துல, ஒரே நேர்கோட்டுல உக்காரும். கண்ணு அதையெல்லாம் சேத்துக் கோடா படிச்சுரும். அதுக்காக எல்லாப் புள்ளியையும் அச்சு வட்டமா ஆக்கிராதீங்க, சுங்குடியோட உசுரே போயிரும். பிசிறு இருக்கட்டும், நெளிவு இருக்கட்டும். பருமன் மட்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். அடுக்கின படத்தைப் பத்து சதவீதமா சுருக்கிப் பாருங்க. எது முதல்ல கண்ணுல படுதோ, அதைத்தான் மாத்தணும்.

இன்னொரு காரணம், பெரும்பாலும் இதுதான். டைல் வரையும்போது ஓரத்துல புள்ளி வெட்டுப்படுமேன்னு பயந்து எல்லாத்தையும் உள்ளயே வைப்பாங்க. அப்ப நாலு பக்கமும் சந்து மாதிரி வெத்து இடம் விழுது. நீங்க முதல்ல பாத்த வரி அந்தச் சந்துதான்.

சரி பண்றது எப்படி? கிம்ப்னு ஒரு இலவசப் பட சாஃப்ட்வேர் இருக்கு. அதோட மெனுவுல லேயர், டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட் போங்க. அகலம், உயரம் ரெண்டுக்கும் டைல்ல பாதி, 450 குடுத்து, ராப் அரவுண்ட் தேர்ந்தெடுங்க. ஒரு ஓரத்தைத் தாண்டிப் போறது எதிர் ஓரத்துல வந்துரும். ஓரம் நாலும் நடுவுல சிலுவையா வந்துரும். அந்தச் சிலுவை மேலயே புள்ளிகளை வைங்க. இப்ப இருக்குற ஓரத்தைத் தொடாதீங்க, அது ஏற்கனவே பொருந்தி இருக்கு. கிரிட்டாங்கிற வரையுற சாஃப்ட்வேர் வச்சிருந்தா இன்னும் சுகம். டபிள்யூ அழுத்துனா டைல் தானா சுத்திலும் அடுக்கித் தெரியும், அப்படியே வரையலாம்.

அதுக்கு மேலயும் வரி தெரிஞ்சா, செங்கல் சுவர்ல மேல் வரிசை பாதி தள்ளி உக்காருற மாதிரி அடுக்குங்க. 900-க்கு 1800-ல புது ஃபைல். மேல் பாதியில டைல் அப்படியே, கீழ் பாதியில அதே டைல் பக்கவாட்டுல 450 நகர்ந்து. உயரத்தைத்தான் இரட்டிக்கணும். 16,200-ல 1800 சரியா ஒன்பது தடவை போகும். அகலத்தை இரட்டிச்சா 13,500-ல ஏழரை தடவை வரும், ஒரு ஓரத்துல டிசைன் பாதியில அறுந்து நிக்கும்.

வரையாம நிஜத் துணியையே படம் எடுத்து டைல் ஆக்குறவங்க போன் கேமராவுல எடுக்காதீங்க. போட்டோவுல மூலை கொஞ்சம் இருட்டா விழும், டைல் போட்டா கட்டம் கட்டமா நிழல் தெரியும். அயர்ன் பண்ணி, ஸ்கேனர்ல 600 டிபிஐ-ல எடுத்து, அப்புறம் சுருக்குங்க.

சின்ன டைலைப் பெருசாக்குற ஏஐ கருவிகள்ல ஒரு சிக்கல் இருக்கு. ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. உள்ள நல்லா செஞ்சுட்டு விளிம்பைக் கெடுத்துரும். அதனால டைலை மூணுக்கு மூணா ஒட்டி, ஒன்பதையும் சேத்துப் பெருசாக்கி, நடுவுல இருக்குறதை மட்டும் வெட்டி எடுங்க. அதோட நாலு பக்கத்துக்கும் நிஜ அக்கம்பக்கம் இருந்ததால விளிம்பு பொருந்தும். பிளர், ஷார்ப்பன் போடுறப்பவும் இதே வழிதான்.

ஃபைலைத் தரம் குறையாத பிஎன்ஜி வகையில, கலரை எஸ்ஆர்ஜிபி-ங்கிற வழக்கமான ஸ்கிரீன் கலர் முறையில சேவ் பண்ணுங்க. போட்டோ வழக்கமா சேவ் ஆகுற ஜேபெக் வகை, எட்டு எட்டு பிக்சலா கட்டம் பிரிக்கும். அரக்கு மேல வெள்ளைப் புள்ளின்னா விளிம்புல அழுக்குப் படிஞ்ச மாதிரி ஆயிரும். வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமென்ட்டா அனுப்புங்க.

துணியும் முக்கியம். ரோமம் தூக்கின பாலியெஸ்டர் போர்வையில மெல்லிசுக் கோடு உள்ள போயிரும். 2 மில்லிமீட்டருக்கு, அதாவது 12 பிக்சலுக்குக் குறையாம வைங்க. பருத்தி துவைச்சதும் சுருங்கும், பெரும்பாலும் பாவு பக்கம், அதாவது நீளவாட்டு நூல் பக்கம் கூடுதலா. வட்டம் லேசா அமுங்கும். அதனால முழு பெட்ஷீட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி சின்னத் துண்டு வாங்கி, ஒரு தடவை துவைச்சு, ஸ்கேல் வச்சு அளங்க.

விக்கிறவங்களுக்கு ஒண்ணு. மதுரைச் சுங்குடிக்கு 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. முடிச்சுப் போடாத அச்சுத் துணிக்கு அந்தப் பேரை வைக்காதீங்க, அது முடிச்சுப் போடுற கைகளோட பேரு. "புள்ளி டிசைன்"னு போட்டே விக்கலாம்.

திரைச்சீலையா, மேஜை விரிப்பா, நீங்க எதுக்கு டைல் போடுறீங்க? அளவை இன்ச்ல கமென்ட்ல எழுதுங்க, முழுசா வகுபடுற டைல் கணக்கைப் பதில்ல போடுறோம்.