நிமிடம் ஏன் நகரவில்லை? பிஎச்பியில் தேதி, நேர வடிவமைப்பு: சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். இருசக்கர வாகன நிறுத்தகம் ஒன்றுக்கு பிஎச்பி என்னும் நிரல் மொழியில் சீட்டு அச்சிடும் நிரலை எழுதியிருக்கும் நேயர் ஒருவர் தம் சந்தேகத்தை அனுப்பியிருக்கிறார். ஜூலை மாதம் முழுவதும் சீட்டில் 09:07, 10:07, 11:07 என்றே விழுந்ததாம். மணி சரியாக மாறுகிறது, நிமிடம் மட்டும் 07-ஐ விட்டு நகரவில்லை. ஆகஸ்டு முதல் தேதியன்று அது தானாகவே 08 ஆகிவிட்டது. சர்வரின் கடிகாரத்தில் கோளாறா என்று கேட்கிறார்.

கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது. ஆகஸ்டில் 08 ஆனது என்பதிலேயே விடை இருக்கிறது: அங்கே அச்சானது நிமிடம் அன்று, மாதம். தேதியையும் நேரத்தையும் நாம் கேட்கும் வடிவில் தரும் டேட் ஃபங்ஷனில் சிறிய எம் மாதத்தின் எண்ணையும், பெரிய எம் மாதப் பெயரின் ஆங்கிலச் சுருக்கத்தையும் தருகின்றன. நிமிடத்துக்கு உரிய எழுத்து சிறிய ஐ. மினிட் என்னும் சொல்லின் இரண்டாம் எழுத்து என்று நான் அதை நினைவில் வைத்திருக்கிறேன். பைத்தானிலிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்புதான். அங்கே சதவீதக் குறியோடு பெரிய எம் எழுதினால் நிமிடம் வரும், சிறிய எம் எழுதினால் மாதம் வரும். ஆகவே ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொன்றில் நம்பாமல், அந்தந்த மொழியின் அட்டவணையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவதே நல்லது.

அவர் அனுப்பிய வரியில் மணிக்குச் சிறிய எச் இருப்பதையும் பார்த்தேன். அது 12 மணிக் கணக்கு என்பதால், அதிகாலை மூன்று மணிக்கு வந்த வண்டிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்த வண்டிக்கும் 03 என்றே அச்சாகும். கூடவே பெரிய ஏ சேர்த்து ஏஎம், பிஎம் வரச் செய்யலாம். இரவிலும் வண்டி நிற்கும் இடம் என்பதால் பெரிய எச் போட்டு 24 மணிக் கணக்கிலேயே அச்சிடுவதை நான் விரும்புவேன். கட்டணத்தை மட்டும் இந்த அச்செழுத்திலிருந்து கணக்கிட வேண்டாம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் வினாடிகளை டைம் ஃபங்ஷன் தருகிறது. வண்டி வந்தபோதும் போனபோதும் அந்த எண்ணைச் சேமித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், நள்ளிரவைத் தாண்டினாலும் கணக்குப் பிசகாது.

இன்னொரு வேடிக்கையும் அந்த வரியில் இருந்தது. நேரத்துக்கு முன்னால் டைம் என்ற ஆங்கிலச் சொல்லை, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, வடிவத்தைச் சொல்ல டேட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் எழுத்துத் தொடருக்குள்ளேயே எழுதியிருக்கிறார். டேட் ஃபங்ஷனுக்கு அது சொல் அன்று, நான்கு கட்டளைகள். நேர மண்டலம் ஏசியா/கொல்கத்தா என்று அமைந்திருந்து, ஜூலையில் மணி 3:42 ஆனால், பெரிய டி மண்டலத்தின் சுருக்கப் பெயரான ஐஎஸ்டி என்றும், ஐ 42 என்றும், எம் 07 என்றும், இ மண்டலத்தின் முழுப் பெயராகவும் மாறி, எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு இட்டுத் தடுக்கலாம். ஆனால் நேரம் என்று தமிழிலேயே எழுதிவிட்டால், தமிழ் எழுத்து எதுவும் கட்டளை ஆகாது என்பதால், அப்படியே அச்சாகும். நமக்கு இதில் ஒரு சலுகை என்றே சொல்லலாம்.

நேர மண்டலத்தை அமைக்காவிட்டால் பிஎச்பி யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தை எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும் என்பதால், நிரலின் தொடக்கத்திலேயே அதை அமைத்துவிடுங்கள்.

திருத்திய பிறகு இன்றைய தேதியை வைத்துச் சோதிக்காதீர்கள். ஏழாம் மாதம் ஏழாம் தேதி ஏழு நிமிடம் என்றால் எந்த எழுத்து மாறியிருந்தாலும் தெரியாது. கொடுக்கும் தேதியையும் நேரத்தையும் அந்த வினாடி எண்ணாக மாற்றும் எம்கேடைம் ஃபங்ஷனில் 2025 நவம்பர் 23, 16 மணி 45 நிமிடம் 09 வினாடி என்று கொடுங்கள். ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு எண் என்பதால், 16:11 என்று வந்தால் மாதம் நுழைந்திருக்கிறது, 04:45 என்று வந்தால் எச் சிறியதாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.